இன்னும் ஃப்ரீ ஆகலைங்க

தருமபுரியிலிருந்து பாலக்கோடு போகிற சாலையில், தக்காளி ஏற்றிய குட்டி யானைகளும் டவுன் பஸ்ஸும் ஹாரனில் கை வைத்தபடி வரிசைகட்டி ஊர்ந்தால், அந்த வரிசையின் தலைமாட்டில் ஒரு புத்தம்புது பைக் போய்க்கொண்டிருக்கும். வேகம் முப்பத்தெட்டு. ஏறாது, இறங்காது. ஓட்டுகிறவர் முதியவரும் இல்லை, வழி தெரியாதவரும் இல்லை. ரன்னிங் பீரியடில் இருக்கிறார்.

இவரை மாமா என்றே வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஒருவராவது உண்டு. பென்னாகரத்தில் வாத்தியார், காரிமங்கலத்தில் உரக்கடைக்காரர், அரூரில் கூட்டுறவு சங்கத்து எழுத்தர் என்று பிழைப்புதான் மாறும். சீட்டின் பாலிதீன் உறையைக் கழற்ற மாட்டார். வெயிலில் அது தொடையைப் பொசுக்கினாலும் சரி. அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் வாசலில் நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கியதுதான் அந்த வண்டி இதுவரை செய்த கடினமான வேலை. “எப்படிங்க வண்டி?” என்று கேட்டால் மைலேஜ் சொல்ல மாட்டார், விலை சொல்ல மாட்டார். லேசாகக் கண்ணை மூடித் திறந்து, “இன்ஜின் இன்னும் ஃப்ரீ ஆகலைங்க” என்பார்.

இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அவர் அத்தனை ஆயிரம் கொடுத்து வண்டி எடுத்தாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஏனென்றால் அதை வைத்து எதையும் மறுக்கலாம். மாமியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மொரப்பூர் ரயிலுக்குப் போக வேண்டுமா? டபுள்ஸ் கூடாது, இன்ஜின் ஃப்ரீ ஆகலை. மாவு மில்லுக்கு அரிசி மூட்டை? லோடு ஆகாது. மச்சினன் வந்து நின்று, “மாமா, தீர்த்தமலை வரைக்கும் ஒரு எட்டு, சாவி குடுங்க” என்றானா? மாமா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே சொல்வார்: “குடுக்கறதுக்கு என்ன மாப்ளே. ஆனா ஒரே கையில ஓடணும். கை மாறினா இன்ஜின் செட் ஆகாது, கம்பெனியிலயே சொல்லி அனுப்பிருக்கான்.”

கம்பெனியில் அப்படியெல்லாம் சொல்லவில்லை. அவன் சொன்னது கையேட்டில் இருக்கிறது. கையேடு பீரோவில், பட்டா சிட்டாவுக்கு அடியில், உறை பிரிக்காமல் இருக்கிறது. பிரித்திருந்தால் தெரிந்திருக்கும்: முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முழுசாக முறுக்காதே, டாப் கியரில் திணறவிடாதே, கூடவே, ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாதே. 500, 1,000 என்று கணக்குதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாமாவின் முப்பத்தெட்டைப் பற்றித்தான் அந்தக் கடைசி வரி.

காலை ஆறரைக்கு ஆயில் பார்க்கும் சடங்கு. கையில் பழைய பனியன் துணி. வண்டி வாசல் சரிவில் சைடு ஸ்டாண்டில் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஆயில் குச்சி இருப்பது வலப்பக்கம். ஆயிலெல்லாம் இடது பக்கம் போய் ஒதுங்கிக்கொள்ள, குச்சியை உருவிய மாமாவுக்கு நுனியில் மட்டும் ஈரம் தெரியும். முகம் வெளுக்கும். “ஆயில் குடிக்குது!” தெரு முழுக்கக் கேட்கும். சமதரையில் பெரிய ஸ்டாண்டு போட்டு, ஓடிய வண்டியை நிறுத்திச் சில நிமிஷம் பொறுத்து, குச்சியைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மரை உள்ள மூடியாக இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் திருகாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். இவ்வளவுக்குப் பொறுமை யாருக்கு இருக்கிறது? அந்த வண்டியின் வயிறே சுமார் ஒரு லிட்டர்தான். மாமா அதில் கால் லிட்டர் கூடுதலாக ஊற்றுவார். கூடிப்போன ஆயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்கும். நுரை பிரீதர் குழாய் வழியே ஏர் ஃபில்டருக்கு ஏறி, அங்கிருந்து இன்ஜினுக்குள்ளேயே திரும்பி எரிந்து, சைலன்சரில் நீலப் புகையாக வரும். புகையைப் பார்த்ததும், பார்த்தீர்களா, நான் சொன்னேனே, குடிக்கிறது!

ஆயில் விஷயத்தில் மாமாவை முழுசாகக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர் கை பழகியது டிவிஎஸ் 50-இல். அது 1980-இல் ஓசூர் ஆலையிலிருந்து வந்த வண்டி. ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டம். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகிக் கையோடு கொண்டுபோய்விட்டது, மாமா இன்னும் “நம்ம ஜில்லா வண்டி” என்றுதான் சொல்வார். அது டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும், இரண்டும் சேர்ந்து எரியும், புகைதான் ஆரோக்கியம். இரண்டு சொட்டுக் கூடுதலாகக் கலந்தால் இன்ஜினுக்கு நல்லது என்று பங்க்கில் நின்றபடி கற்ற பாடம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் எரிவதற்காக இல்லை என்பது மூளைக்கு எட்டியிருக்கிறது, கைக்கு எட்டவில்லை. புது இன்ஜின் ஆரம்பத்தில் கொஞ்சம் ஆயில் இழுப்பது உண்மைதான். ஜெர்மன் கார் கம்பெனிகளில் சில, 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குறையலாம் என்று கையேட்டிலேயே அச்சடித்துவிட்டுக் கவலையில்லாமல் இருக்கின்றன.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக் ஒருவர் இதை மாமாவுக்கு விளக்கியதைக் கேட்டிருக்கிறேன். கரியான விரலால் சிலிண்டரின் உட்சுவரைத் தடவிக் காட்டினார். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள். “அம்மி கொத்தி வெச்ச மாதிரிங்க. இந்தச் சொரசொரப்புல ரிங் தேய்ஞ்சு தேய்ஞ்சுதான் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு படியும். கொத்தின அம்மியில மொதல்ல அரைச்சதை வழிச்சுக் கொட்டறோம்ல, அதுக்குத்தான் மொத சர்வீஸ்ல ஆயிலை மாத்தறது.” ரிங் சுவரோடு ஒட்டுவது அதன் சொந்த இழுவிசையால் மட்டும் இல்லை. மேலே வெடிக்கிற வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. முறுக்கினால்தான் அந்த அழுத்தம் வரும். மாதக்கணக்கில் முப்பத்தெட்டிலேயே தாலாட்டினால் கோடுகளின் மேல் ஆயில் தீய்ந்து கண்ணாடியாகப் படிந்துவிடும். அதற்குப் பிறகு ரிங் படியவே படியாது, நிஜமாகவே ஆயில் குடிக்கும். “அதனால கொஞ்சம் ஏத்தி எறக்கி ஓட்டுங்க.” மாமா தலையாட்டினார். வெளியே வந்து என்னிடம், “வேலை வரணும்னே வண்டியை முறுக்கச் சொல்றான், கவனிச்சீங்களா?” என்றார்.

ஏற்றி இறக்கி ஓட்டுவதற்கு மாவட்டத்தில் இடமா இல்லை? தொப்பூர் கணவாய் ஒன்று போதும். சேலத்திலிருந்து வரும்போது ஏற்றத்தில் இன்ஜின் இழுக்கும், ரிங் அழுந்தும். போகும்போது சரிவில் கியரிலேயே ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகிச் சுவருக்குக் கொஞ்சம் ஆயிலை மேலே இழுக்கும். தேய்ந்த பொடியையும் கழுவிக்கொண்டு போகும். ஆனால் மாமா அந்தப் பக்கமே போவதில்லை. கட்டாயமாகப் போக நேர்ந்த ஒருநாள் இறக்கத்தில் நியூட்ரலில் போட்டுவிட்டார், “பாவம், இன்ஜினுக்கு ரெஸ்ட்” என்று. அந்தச் சரிவில் லாரிக்காரர்கள் நியூட்ரலில் விட்டு என்ன ஆனது என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மாமா பிழைத்தது முப்பத்தெட்டைத் தாண்டாத பிடிவாதத்தால், பிரேக் கட்டை கருகிய வாசனையோடு.

முதல் சர்வீஸ் அன்று லீவு போட்டுவிட்டுக் கூடவே நிற்பார். வடிந்த ஆயிலை விரலில் எடுத்து வெயிலில் காட்டினால் பொடிப்பொடியாக மினுங்கும். அதைப் பார்த்து, “வெள்ளிங்களா?” என்று கேட்டவரும் உண்டு. அந்தக் கழிவு ஆயிலைக் கேனில் கேட்டு வாங்கி வந்து மாட்டுக்கொட்டாய்க் கம்பங்களுக்குக் கரையான் வராமல் பூசுவார்.  காசு கொடுத்த பொருள்.

மூன்றாம் வருஷம் மெக்கானிக் சொன்னது நடந்தது. போர் செய்து புது பிஸ்டன், புது ரிங் போட்டாயிற்று. செலவைப் பார்த்து மாமா வருந்துவார் என்று ஆறுதல் சொல்லப் போனேன். மனிதர் தெளிவாக இருந்தார். மச்சினன் சாவிக்காகக் கை நீட்டியபடி முன்னால் நின்றிருந்தான். “புது ரிங் மாப்ளே. திரும்பவும் மொதல்ல இருந்து ரன்னிங்” என்று மீட்டரைக் காட்டினார்.

போன தீபாவளிக்கு அவர் மகன் ஓசூரில் தயாரான மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி வந்துவிட்டான். பிஸ்டன் இல்லை, ரிங் இல்லை, ஆயில் குச்சியே இல்லை. மச்சினன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். மாமா பனியன் துணியோடு வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்தார், எங்கே உருவுவது என்று தெரியவில்லை. பிறகு சார்ஜர் வயரைக் கையில் எடுத்துச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

“பேட்டரி இன்னும் செட் ஆகலை மாப்ளே.”