கண்ணுக்குத் தெரியாத நாலு மில்லிசெகண்ட்

பொருள் வாங்குவதில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. கொடுத்த காசு கண்ணுக்குத் தெரிய வேண்டும். பீரோ என்றால் நாலு பேர் தூக்க வேண்டும். ஃபிரிட்ஜ் என்றால் வாசல்படியில் சிக்கி, கதவைக் கழற்றலாமா என்று ஒரு விவாதம் நடக்க வேண்டும். டி.வி. என்றால், வருகிற விருந்தாளி செருப்பைக் கழற்றும்போதே “எத்தனை இன்ச்?” என்று கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்கு எங்கள் வீட்டில் காபி சற்றுத் தாமதமாகத்தான் வரும்.

இப்படிப்பட்டவனைத்தான் என் பையன் கேமிங் மானிட்டர் வாங்கக் கூட்டிக்கொண்டு போனான். காலேஜில் படிக்கிறான். படித்த நேரம் போக மிச்ச நேரத்தில் வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்று துப்பாக்கியும் கையுமாக இருக்கிறான். பலரைச் சுடுகிறான், அதைவிட அதிகமாகச் சுடப்படுகிறான். சுடப்படும்போதெல்லாம் அறைக்குள்ளிருந்து ஒரே குரல்: “60 ஹெர்ட்ஸை வச்சுக்கிட்டு என்னதான் பண்றது?” முதலில் ஏதோ வாடகை பாக்கி என்று நினைத்தேன். பிறகுதான், குற்றவாளி மேஜைமேல் இருக்கும் பழைய மானிட்டர் என்று தெரிந்தது.

ரிச்சி தெருவில் கடைக்குள் நுழைந்ததுமே என் மானிட்டரை நான் கண்டுபிடித்துவிட்டேன். 32 அங்குலம், வில்லாக வளைந்த திரை. அதில் ஒரு பஞ்சவர்ணக்கிளி இறக்கையை விரிக்க, பின்னால் அருவி கொட்டியது. நாலு எட்டு பின்னால் போய்ப் பார்த்தேன். கூடத்தில் வைத்தால் கிரிக்கெட்டும் பார்க்கலாம். “இதைப் போடுங்க” என்று சொல்ல வாயெடுத்தபோது, பையன் கடையின் மூலையில் குனிந்து நின்றான். அங்கே 24 அங்குலத்தில் தட்டையாக, கறுப்பாக, பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் நம்பர் காட்டும் தகுதியோடு ஒன்று இருந்தது. கிளி இல்லை. அருவி இல்லை. விலையைக் கேட்டேன். கிளியை ஒட்டியே வந்தது.

“ஏன்டா, சின்னதுக்கு ஏன் இவ்வளவு விலை?”

“இது 240 ஹெர்ட்ஸ்ப்பா.”

அன்று நான் பெற்ற ஞானத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு விநாடியில் எத்தனை முறை புதுப் படம் காட்டுகிறது என்ற கணக்கு. 60 என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 16.7 மில்லிசெகண்ட். 144 என்றால் 6.9. 240 என்றால் 4.2. “எம்.ஜி.ஆரும் நம்பியாரும் போட்ட வாள்சண்டை விநாடிக்கு 24 பிரேம்தான். அதில் ஒரு வெட்டுகூட எனக்குத் தெரியாமல் போனதில்லை” என்றேன். கடைக்காரர் மரியாதையாகச் சிரித்தார். பையன் சிரிக்கவில்லை. “நம்பியார் எந்தப் பக்கம் வருவார்னு டைரக்டர் முடிவு பண்ணிட்டார்ப்பா. இங்கே கேமராவே என் கையில. நான் சட்டுனு திரும்பும்போது, மூலையில் ஒருத்தன் எட்டிப் பார்த்துட்டு உள்ளே போயிடுவான்.”

விடுவேனா? கண்ணில் பட்டதற்குக் கை அசைய மனிதனுக்கு 200 முதல் 250 மில்லிசெகண்ட் ஆகும் என்று எங்கோ படித்திருந்தேன். அதை எடுத்து வீசினேன். இருநூறு செலவழிக்கிறவன் பத்தை மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது? அதற்கும் பதில் தயாராக இருந்தது. அந்த இருநூறு எதிராளிக்கும் உண்டாம். இரண்டு பேருக்கும் பொதுவான செலவு. யார் முதலில் பார்க்கிறாரோ அவர் முதலில் ஆரம்பிக்கிறார். ஆட்டம் அந்தப் பத்தில்தான் முடிகிறது. நியாயம்தான். எதிராளிகளில் பாதிப் பேர் எட்டாம் வகுப்பு என்பதையும், அவர்களின் கை இவனுடையதைவிட வேகம் என்பதையும் கடைக்காரர் முன்னால் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் பேப்பரும் பேனாவும் கிடைத்தால் நான் சும்மா இருப்பவன் இல்லை. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 60-லிருந்து 144-க்குப் போனால் ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் லாபம். 144-லிருந்து 240-க்குப் போனால் மூன்றுகூட இல்லை. 240-லிருந்து 360-க்குப் போனால் வெறும் 1.4. லாபம் இறங்க இறங்க விலை ஏறுகிறது. 2020-லேயே 360 வந்துவிட்டது, இப்போது 500-ஐத் தாண்டியும் இருக்கிறது என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். “1.4 மில்லிசெகண்டுக்குக் காசு கொடுப்பவனைக் காலில் விழுந்து பார்க்க வேண்டும்” என்றேன். இந்த வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். என் மனைவி வைத்திருக்கிறாள்.

அடுத்தது பேனல் பஞ்சாயத்து. டி.என்., ஐ.பி.எஸ்., வி.ஏ., ஓலெட் என்று நாலு கட்சி. என் கிளி உட்கார்ந்திருந்தது வி.ஏ. கட்சியில். கறுப்பு நிறம் நல்ல கறுப்பாக இருக்கும். ஆனால் இருட்டில் ஏதாவது வேகமாக நகர்ந்தால் பின்னாலேயே ஒரு கறை இழுபடும். ஒளிந்திருப்பவனைத் தேடுகிறவனுக்கு இருட்டுதான் முக்கியம் என்பதால் கிளிக்கு டெபாசிட் போயிற்று. ஓலெட் அசாத்திய வேகம். நிறம் மாற 0.03 மில்லிசெகண்ட் என்று அட்டையில் போடுகிறார்கள். ஆனால் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் படம் நாளடைவில் திரையில் தடமாகவே தங்கிவிடலாம். நியூஸ் சேனலின் கீழ்ப்பட்டை ஓட ஓட அதன் எதிரில் தூங்குவது என் வழக்கம். பட்டை எழுத்து மாறினாலும் பட்டை மாறாது. நானே வேண்டாம் என்றேன்.

மிஞ்சியவை டி.என்., ஐ.பி.எஸ். பையன் டி.என். என்றான். வெகு காலம் போட்டிக்காரர்களின் பேனல் அதுதான், வேகம் அதிகம் என்று விளக்கினான். எனக்கும் சரியென்றே பட்டது, அதன் எதிரில் எழுந்து நிற்கும்வரை. உட்கார்ந்தால் தெரிந்த படம், நின்று மேலிருந்து பார்த்தால் வெளுத்துப் போனது. நாற்காலிக்குப் பின்னால் நின்று “என்னடா பண்ற?” என்று கேட்பதுதான் தகப்பனாக நான் செய்துவரும் ஒரே கல்விப் பணி. அந்தக் கோணத்திலிருந்து ஒன்றும் தெரியாத மானிட்டரை என் பணத்திலேயே வாங்கச் சொல்கிறான்! ஐ.பி.எஸ். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது என்றார் கடைக்காரர். “வேகம்?” “இப்போ வர்ற ஃபாஸ்ட் ஐ.பி.எஸ். நல்ல வேகம் சார்.” அந்த நிமிடமே ஐ.பி.எஸ். ஏகமனதாகத் தேர்வானது. ஏகமனது என்பது என் மனது.

ஐ.பி.எஸ். அட்டைகள் எல்லாவற்றிலும் ‘1 மில்லிசெகண்ட்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எல்லாமே ஒன்று என்றால் எதற்கு விதவிதமான விலை? இது பைக் கம்பெனி சொல்கிற மைலேஜ் கதை. ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பலுக்குப் புள்ளி மாறும் நேரத்தை, எல்லாச் சாதகமும் கூடிய நல்ல நேரம் பார்த்து அளந்து போடுகிறார்கள். ஓவர்டிரைவ் என்று ஒரு வசதி உண்டு. அதை உச்சத்துக்கு ஏற்றினால் அந்த ஒன்று கிடைக்கும். கூடவே, ஓடுகிறவனுக்குப் பின்னால் வெளிறிய ஆவி ஒன்றும் ஓடும். எனவே ஏற்றாமல் நடுவில் வைத்து ஆட வேண்டும். அட்டையில் எழுதியதைப் பயன்படுத்தாமல் இருப்பதுதான் விவரம் தெரிந்தவனுக்கு அடையாளம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஸ்ட்ரோபிங். எல்.சி.டி. திரை ஒரு படத்தை அடுத்த படம் வரும்வரை அப்படியே பிடித்து நிறுத்துகிறது. கண்ணோ அசைவைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் படம் கலங்குகிறது. இதைத் தவிர்க்க, இரண்டு படங்களுக்கு நடுவே பின்விளக்கை அணைத்து அணைத்து ஏற்றுகிறார்கள். பென்க்யூவின் சோவி மானிட்டர்களில் இதற்கு டைஆக் என்று பெயர். போட்டி மேடைகளில் அவை பிரசித்தம். விலையும் பிரசித்தம். “இது பழைய சி.ஆர்.டி. மானிட்டர்ல தானாவே இருந்த குணம் சார்” என்றார் கடைக்காரர். அதில் புள்ளி மின்னி உடனே மங்கிவிடும், அசைவு பளிச்சென்று இருக்கும். 2000-ல் கவுன்டர்-ஸ்ட்ரைக் வந்த புதிதில் நம்மூர் பிரவுசிங் சென்டர் பையன்களெல்லாம் அந்தக் கனத்த பெட்டிகளில்தான் ஆடினார்கள். ரெசல்யூஷனைக் குறைத்தால் பல பெட்டிகள் 100 ஹெர்ட்ஸும் தந்தன. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. பழைய பேப்பர்காரர் அதை வேண்டாமென்று சொல்ல, கெஞ்சி, கூடவே நல்ல பித்தளைக் குடம் ஒன்றையும் கொடுத்து ஏற்றி அனுப்பினோம். இப்போது அதன் குணத்தை மட்டும் தனியாக விலை கொடுத்து வாங்கச் சொல்கிறது உலகம். மாட்டேன் என்றேன். ஸ்ட்ரோபிங் இல்லாத 240 ஹெர்ட்ஸ் ஐ.பி.எஸ். முடிவானது. கூடவே கொடுத்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைப் பார்த்ததும், பரண்மேல் உள்ள என் ஒயர்ப்பைக்கு இந்த வீட்டில் இனி மதிப்பில்லை என்று புரிந்தது.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் பையன் செய்த முதல் காரியம், விளையாட்டில் இருந்த அழகையெல்லாம் அணைத்ததுதான். நிழல், குறைவு. தண்ணீர், குறைவு. விவரம், குறைவு. 240 ஹெர்ட்ஸ் திரைக்குக் கிராபிக்ஸ் கார்டும் விநாடிக்கு 240 படம் தயாரித்துத் தர வேண்டுமாம். அழகு பார்த்தால் வேகம் போய்விடும். இருட்டில் ஒளிந்தவன் தெரிய வேண்டுமென்று இருட்டை வெளுக்க வைத்தான். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் அதற்கும் மேலே போனான். அகலத்திரையில் படத்தை 4:3 அளவுக்குச் சுருக்கி, அதையே பக்கவாட்டில் இழுத்துவிட்டான். இழுத்தால் எதிரி குண்டாகத் தெரிவானாம், குறி வைக்க வசதி. தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலரும் அப்படித்தானாம். எத்தனையோ பேர் உட்கார்ந்து வரைந்த ஓர் ஊர், வெள்ளையடித்த கூண்டாகி, அதற்குள் குண்டு மனிதர்கள் ஓடினார்கள். இதற்கா இவ்வளவு பணம் என்று கேட்க நினைத்தேன். ஆனால் பில்லில் இருப்பது என் பெயர். “ஆகா, என்ன ஸ்மூத்!” என்றேன். “வெண்ணெய்ப்பா!” என்றான் அவன். என் மனைவிகூட எட்டிப் பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்றாள். வந்து போனவர்களுக்கெல்லாம் காட்டினோம். வித்தியாசத்தை மெச்சாமல் ஒருவரும் போகவில்லை.

பிறகு ஒருநாள் மாடி வீட்டுப் பையன் வந்தான். எட்டாம் வகுப்பு. மவுஸை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “அண்ணா, இது 60-லதான் ஓடுது” என்றான். விண்டோஸ் அமைப்பில் டிஸ்ப்ளேக்குள் போய், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயைத் திறந்து காட்டினான். 60 என்று இருந்தது. நாமாகப் போய் மாற்றாவிட்டால் பல நேரம் அப்படியே கிடக்குமாம். அத்தனை நாள் நாங்கள் மெச்சியது பழைய வேகத்தைத்தான். பையன் முகத்தை நான் பார்க்கவில்லை. என் முகத்தை அவன் பார்க்கவில்லை. மாடிப் பையன் 240-ஐத் தேர்ந்தெடுத்தான்.

என் கொள்கைக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேண்டுமா? இல்லாத ஒன்றைத்தானே அத்தனை பேரும் பார்த்தோம்! அதைச் சொல்லிக் காட்டத்தான் மவுஸை வாங்கிச் சும்மா நகர்த்தினேன். அம்புக்குறி வழுக்கிக்கொண்டு போனது. திரும்ப நகர்த்தினேன். இதற்கு முன் அது அங்கங்கே தோன்றித் தோன்றிப் போனது. இப்போது நிஜமாகவே போகிறது. எக்ஸெல்லைத் திறந்து மேலும் கீழும் உருட்டினேன். உருளும்போதே எண்களைப் படிக்க முடிந்தது.

அன்றோடு கெட்டது என் நிம்மதி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அம்புக்குறி தத்தித் தத்திப் போகிறது, பார்க்கச் சகிக்கவில்லை. ஃபைல் தாமதத்துக்கு அதிகாரி காரணம் கேட்டபோது “திரை 60 ஹெர்ட்ஸ் சார்” என்று சொல்ல வந்து விழுங்கினேன். டி.வி.யில் பந்து எல்லைக்கோட்டுக்கு ஓடும்போது அதன் வாலைப் பார்த்துக் குறை சொல்கிறேன். இரவில் பையன் தூங்கியதும் உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல் மவுஸை மட்டும் வட்டமாகச் சுற்றுகிறேன். விளையாட்டு வராது. மும்பை சர்வருக்குப் போய் வரவே 30 மில்லிசெகண்ட் தின்னும் எங்கள் பிராட்பேண்டில், என் கையோடு நான் யாரைச் சுடுவது?

நேற்றுச் சாப்பிடும்போது பேச்சை மெல்ல ஆரம்பித்தேன். 360 ஹெர்ட்ஸ் மானிட்டர் விலை இறங்கியிருக்கிறது. இதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் மிச்சம் கொஞ்சம்தான் போட வேண்டும். படத்துக்கு 1.4 மில்லிசெகண்ட் லாபம். ஒரு விநாடிக்கு 360 படம் என்று பெருக்கிப் பார்த்தால் அப்படியொன்றும் குறைந்த லாபமில்லை.

மனைவி பதில் சொல்லவில்லை. சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

“மிக்ஸி மாத்தணும்னு நான் சொல்லி எவ்வளவு நாளாச்சு? அரைச்ச சட்னியில தேங்காய் துண்டு துண்டா கிடக்கு பாருங்க. இது கண்ணுல பட எத்தனை ஹெர்ட்ஸ் வேணும்?”