ஒன்றேமுக்கால் சுற்று

போன மாதம் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு சர்வீஸ் சென்டரில் என் காரின் ஸ்டியரிங் ராக்கை மாற்றினார்கள். ஏ.சி. அறையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தவன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீலச் சட்டை போட்ட பையன் ஓர் இரும்புக் கம்பியை எடுத்து ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் இடையே முட்டுக்கொடுத்து, வீல் அசையாமல் நிறுத்துவதைப் பார்த்ததும் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போய்க் கண்ணாடியோடு ஒட்டி நின்றேன். 1986-இல் சேரன்மகாதேவியில், ஒரு மருதமரத்தடி ஷெட்டில், அதே காரியத்தை ஒரு துண்டு செய்தது. அந்தத் துண்டை முடிச்சுப் போட்டது நான்தான்.

வண்டி பெரியப்பாவுடையது, அம்பாசடர். உங்கள் வீட்டிலும் ஒன்று நின்றிருக்கும். இல்லையென்றால் பாபநாசத்துக்கோ திருச்செந்தூருக்கோ வாடகைக்குப் பிடித்த ஒன்றில் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து, முன்பக்கப் பெஞ்சு சீட்டில் டிரைவரின் இடதுகை கியர் மாற்றும்போதெல்லாம் முழங்காலை ஒதுக்கிக்கொண்டு போயிருப்பீர்கள். கியர்க் கம்பி ஸ்டியரிங் தண்டோடு ஒட்டியிருந்த காலம். பியட் வைத்திருந்தவர்களுக்கு ஸ்டியரிங் பாக்ஸ். எங்கள் அம்பாசடருக்கு ராக். தண்டின் அடியில் பினியன் என்று சின்னதாக ஒரு பல்சக்கரம். அது பற்றிக்கொண்டு இடமும் வலமும் தள்ளுகிற பல்வைத்த நீளக் கம்பி. அதன் இரண்டு முனையிலும் சக்கரங்களைப் பிடித்துத் திருப்புகிற டை ராடுகள். ஊர் டாக்டரிடம் இருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் ராக்தான். சென்னைக்கு வெளியே வண்டலூரில் செய்த வண்டி அது. பெரியப்பா முன்னும் பின்னுமாக மூன்று தடவை எடுத்துத் திருப்புகிற முக்கில் டாக்டர் ஒரே ஒடிப்பில் திரும்பிப் போய்விடுவார். பெரியப்பா அதைப் பார்க்காத மாதிரி இருப்பார்.

அந்த வருஷம் பெரியப்பாவின் வண்டியில் ஸ்டியரிங் நாலு விரக்கடை சும்மா ஆடியது. அது போதாதென்று, நேராகப் போகும்போது வீல் மட்டும் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, பேட்டையில் இந்துக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், உலகத்தில் எதற்கும் என்னிடம் ஒரு வழி இருந்தது. வீலைக் கழற்றி நேராக மாட்டிவிட்டால் முடிந்தது என்றேன். மெக்கானிக் அண்ணாச்சி வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"ஏ தம்பி, நேரா மாட்டிட்டன்னா ஒன் கண்ணுக்குத்தான் அது நேரு. உள்ள இருக்க ராக்குக்குத் தெரியுமா? ஒரு பக்கம் கூட ஒடியும், மறுபக்கம் கொறையத்தான் ஒடியும். முக்குல போய் நின்னுக்கிட்டு முழிப்ப."

அன்று அவர் சொல்லித்தான் தெரியும், ராக் நடுவில்தான் தேயும் என்று. யோசித்தால் வேறு எப்படி இருக்க முடியும்? கடைசிவரை ஒடிப்பது வீட்டு வாசலிலும் முக்கிலும் மட்டும்தான். மற்றபடி கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் திருநெல்வேலிக்கும் போய்வந்த அத்தனை மைலும் பினியன் அந்த நடுப்பல் நாலைந்தின் மேலேயே உட்கார்ந்து உரசிக்கொண்டிருந்திருக்கிறது. நடுவில் ஆடுகிறதே என்று இறுக்கினால் தேயாத ஓரங்களில் போய்ச் சிக்கும். ஓரத்துக்குச் சரியாக விட்டால் நடுவில் ஆடும். மாற்றுவதைத் தவிர வழியில்லை. கழற்றிய ராக்கை அண்ணாச்சி மண்ணெண்ணெயில் கழுவி என் கையில் கொடுத்து, கட்டைவிரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். ஓரத்துப் பற்கள் கூர்மையாக இருந்தன. நடுவில் விரல் வழுக்கியது. பெரியப்பா வயலுக்கும் கோர்ட்டுக்கும் கல்யாணங்களுக்கும் துட்டிக்கும் போய்வந்த ரோடு முழுக்க அந்த இரண்டு அங்குலத்தில் இருந்தது.

புது ராக்கை மேசைமேல் வைத்து, என்னை எண்ணச் சொன்னார். ஒரு கோடிவரை திருப்பி, அங்கிருந்து மறுகோடிவரை எத்தனை சுற்று என்று சத்தமாக எண்ண வேண்டும். "மூணரைச் சுத்து வந்தா, ஒண்ணேமுக்கால் திரும்பி வா. அதான் நடு. அரைக்கால் சுத்து தப்பினாலும் திரும்ப மொதல்ல இருந்து எண்ணு." நான் நாலு தடவை எண்ணினேன். கடைசித் தடவை அவரும் உதட்டுக்குள் கூடவே எண்ணியதைப் பார்த்தேன். பிறகு பினியனில் ஒரு கோடு, தண்டில் ஒரு கோடு, இரண்டும் நேர் வரும்படி மாட்டினார். வீலை நேராகப் பிடித்துத் துண்டால் சீட்டோடு சேர்த்துக் கட்டச் சொன்னது அப்போதுதான். டை ராடு எண்டுகளைக் கழற்றும்போது எத்தனை மரை வெளியே வருகிறது என்று எண்ணி, ஷெட்டுச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார்; அத்தனையே புதிதிலும் ஏற்றினார்.

அதற்கு மேல் நூல். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம்வரை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, முன்சக்கரங்கள் முன்பக்கம் ஒரு தீக்குச்சிக் கனம் உள்ளே பார்க்கும்படி வைப்பது. விரிந்தோ அதற்கு மேல் குவிந்தோ போனால் டயர் ரம்பமாகத் தேயும். வீல் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தால் ஒரு பக்க டை ராடை மட்டும் தொடக் கூடாது; இந்தப் பக்கம் கால் திருகு நீட்டினால் அந்தப் பக்கம் கால் திருகு குறைக்க வேண்டும். அப்படிச் செய்தால் சக்கரங்கள் பார்க்கிற கோணம் மாறாது, வீல் மட்டும் நடுவுக்கு வரும். இதைச் சொல்லும்போது அவர் ஆனித் தேரோட்டத்தை இழுத்தார். நெல்லையப்பர் தேருக்கு ஏது ஸ்டியரிங்? ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், ரதவீதி முக்கில் அதைத் திருப்புவது சக்கரத்தடியில் சறுக்குக்கட்டை கொடுக்கிற சில பேர்தான்; இந்தப் பக்கம் கொடுத்ததற்கு அந்தப் பக்கம் கணக்கு வைத்திருக்காவிட்டால் தேர் போய் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் நிற்கும் என்றார். அதற்குப் பிறகு தேரோட்டத்தன்று நான் தேரை அண்ணாந்து பார்த்ததைவிட அந்தக் கட்டை கொடுக்கிற கைகளைப் பார்த்ததுதான் அதிகம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பத்தமடை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். அண்ணாச்சி பக்கத்தில், பெரியப்பா பின்னால். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, வயலில் பிசான நடவு. கையை எடு என்றார் அண்ணாச்சி. எடுத்தேன். வண்டி மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது, எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் வண்டியை ரோட்டின் வலது பாதிக்கு ஏற்றச் சொன்னார். எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லை. மறுபடி கையை எடுத்தேன். இப்போது வலப்பக்கம் ஒதுங்கியது.

"பாத்தியா, ராக்கு இழுக்கல. ரோடு இழுக்கு. நடுவுல ஆம முதுகு மாதிரி ஒசந்துல்லா கெடக்கு, மழத்தண்ணி ரெண்டு பக்கமும் வடியணும்லா."

திரும்பி வரும்போது மூன்று பேரும் ஆற்றில் இறங்கிக் குளித்தோம். மரத்தூளைத் தேய்த்துக் கழுவியும் அண்ணாச்சி கையில் மண்ணெண்ணெய் வாடை போகவில்லை. ஆற்றில் இறங்கின பிறகுதான் போனது.

அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றது. 1983 டிசம்பரில் முதல் சாவி கொடுத்துத் தொடங்கிய மாருதி 800-ம் அதே 2014-இல், அதற்குச் சில மாதம் முந்தி நின்றுபோனது. வீழ்த்தியதும் வீழ்ந்ததும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தன. அண்ணாச்சி அதற்கெல்லாம் முன்பே போய்விட்டார். ஷெட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மருதமரம் இருக்கிறது.

நீலச் சட்டைப் பையனின் வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வீல் ஏன் அசையக் கூடாது என்று கேட்டேன்; தண்டின் மேல் ஏர்பேகுக்கு மின்சாரம் கொண்டுபோகிற நாடா ஒன்று கடிகாரச் சுருள்போல் சுற்றியிருக்கிறதாம், ராக்கைக் கழற்றிய பிறகு வீல் தன்போக்கில் சுற்றிவிட்டால் அது அறுந்துவிடுமாம். அறுந்தால் ஆபத்து நேரத்தில் ஏர்பேக் விரியாது. துண்டு முடிச்சை நம்பி அந்த வேலையைச் செய்ய முடியாதுதான். நாலு சக்கரத்திலும் பலகைகளை மாட்டினான். திரையில் சிவப்பாக இருந்த எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. கடைசியில் ஒரு கருவியைச் செருகி, இதுதான் நடு என்று வண்டிக்கே சொல்லிக்கொடுத்தான். ஸ்டியரிங் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க உள்ளே ஒரு சென்சார் உண்டு; அதற்கு நடு தெரியாவிட்டால் வழுக்குகிற ரோட்டில் வண்டியை அடக்குகிற ஏற்பாடு குழம்பிவிடும் என்றான். தீக்குச்சிக் கனத்தைவிட நுணுக்கமான கணக்கு அது. என் பேரப்பிள்ளைகள் பின்சீட்டில் உட்காருகிற வண்டி, அந்த நுணுக்கம் எனக்கு வேண்டும்.

ஆனால் கழற்றிய ராக்கைக் காட்டச் சொன்னேன். அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டி அனுப்பியாகிவிட்டது. இரு முனையிலும் ரப்பர் உறை, நடுவே மூடிய குழாய், திறந்து பார்ப்பதற்கில்லை சார் என்றான். எத்தனை சுற்று என்று கேட்டேன். எண்ணத் தேவையில்லை, புதியது நடுவில் பூட்டியே வருகிறது என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நான் ஓட்டிய இத்தனை வருஷ ரோடும் எங்கே தேய்ந்திருக்கிறது என்று ஒருமுறை கட்டைவிரலால் தடவிப் பார்த்திருப்பேன், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பிச் சேரன்மகாதேவி போனேன். பத்தமடை ரோடு அகலமாகிவிட்டது, தார் புதிது, கால்வாயில் தண்ணீர் போனது. விரலால் திருப்பலாம், அவ்வளவு லேசு ஸ்டியரிங். கையை எடுத்தேன். வண்டி கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு இடப்பக்கம் ஒதுங்கப் பார்த்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், முன்னால் பார்த்தேன், யாரும் இல்லை. வலது பாதிக்கு ஏற்றி மறுபடி கையை எடுத்தேன்.

மெல்ல, வலப்பக்கம் ஒதுங்கியது.