கடற்காற்றும் குரோமிய முலாமும்

கேள்வி: என் மோட்டார் சைக்கிளின் சைலன்சரிலும் ரிம்மிலும் செம்புள்ளிகள் தோன்றிவிட்டன. கழிவறை ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வேண்டவே வேண்டாம், ஐயா! துரு எது, முலாம் எது, இரும்பு எது என்று பகுத்தறியும் விவேகம் ஆசிடுக்குக் கிடையாது. குரோமியத்துக்குத் துரு இல்லையெனினும், அதன் முலாம் அத்தியந்த மெல்லியதாயும், கண்ணுக்குப் புலனாகாத சூக்ஷ்மத் துவாரங்கள் உடையதாயும் இருப்பதால், தங்கள் ஊர்க் கடற்காற்று சுமந்துவரும் உப்பும் ஈரமும் அவற்றின் வழியே நுழைந்து, உள்ளிருக்கும் இரும்புக்கும் பிராணவாயுவுக்கும் விவாகம் செய்துவைத்துவிடுகின்றன. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துமாதலால், முகூர்த்தம் வெகு சீக்கிரத்தில் வந்துவிடுகிறது!

மேலாகப் படிந்த துருவுக்கு, அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்து, மெல்லத் தேய்த்தாலே போதும். அது குரோமியத்தைவிட மிருதுவானதால் எளிதில் கீறல் விழாது. பிறகு துடைத்து உலர்த்தி, மெழுகு பூசுங்கள். வர்ணமடித்த பாகமாயின், உப்புத்தாளால் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். ஈரக்காற்றில் ஓர் இரவு விட்டாலும் துரு திரும்பிவிடும். எண்ணெயோ மெழுகோ பிரேக்கில் மட்டும் படவே கூடாது, அது பிராணாபத்து.

இனித் துரு வராதிருக்க, வாரந்தோறும் உவர்ப்பில்லாத நீரில் கழுவித் துடையுங்கள். நனைந்த வண்டியைப் பிளாஸ்டிக் உறையால் மூடிவைப்பது, பாதுகாப்பு என்ற பெயரில் ஈரத்தைச் சிறைவைத்து இரும்பை வதைக்கும் கொடுமை. காற்றாடக் காயவிட்டு, செயினுக்கு எண்ணெய் இட்ட பிறகே மூடுங்கள், அதுவும் துணியுறையால்.