கால் முறியக் கடைசித் தேதி

டெக்சஸ் மாநிலம் கிரேப்வைன் நகரில், ஹோட்டல் அறைக்குள் அமர்ந்து அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தலையெழுத்தை எழுதும் பிளேஆஃப் தேர்வுக் குழுவின் பதின்மூன்று பெரியவர்களுக்கு,

2023 டிசம்பர் 3 அன்று நீங்கள் வெளியிட்ட பட்டியலை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. நாலு பேருக்குத்தான் இலை. ஐந்தாவதாக வாசலில் நின்றது ஃபுளோரிடா ஸ்டேட். ஆடியது 13, வென்றது 13, லீக் கோப்பையும் கையில். பெரிய லீக் ஒன்றில் ஒரு தோல்விகூட இல்லாமல் கோப்பை வென்ற அணியை பிளேஆஃபுக்கு வெளியே நிறுத்துவது அதுவரை யாருக்கும் தோன்றாத யோசனை. அந்தப் புண்ணியம் உங்களுக்கே.

காரணம், ஒரு கால். நவம்பர் 18 அன்று அந்த அணியின் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குக் காலில் பலத்த அடி. பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிறவர் அவர். அவர் இல்லாமல் இது வேறு அணி என்று உங்கள் அப்போதைய தலைவர் பூ கோரிகன் விளக்கினார். வாஸ்தவம். அந்த வேறு அணி அடுத்த வாரமே மாற்று வீரரை வைத்து ஃபுளோரிடாவை 24-15 என்று வென்றது. பிறகு அந்த மாற்று வீரரும் ஆட முடியாமல் போக, முதலாண்டு மாணவர் ஒருவரை இறக்கி லூயிவில்லை 16-6 என்று வென்றது. தடுப்பாட்டம் என்று ஒன்று இருப்பதே உங்கள் கண்ணில் படவில்லை போலும். ஜெயித்தது அணி, நீங்கள் பார்த்தது எக்ஸ்ரே.

நடந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சாதாரணர்கள் வேலை. நடக்கப்போவதைச் சொல்லச் சோழி உருட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் சோழி ஒரு சமயம் உருள்கிறது, ஒரு சமயம் உருள மறுக்கிறது. டெக்சஸை அலபாமாவுக்கு மேலே ஏன் வைத்தீர்கள்? செப்டம்பரில் அலபாமாவை அதன் சொந்த மைதானத்திலேயே 34-24 என்று வென்றதால். அங்கே நடந்தது கணக்கில் வந்தது. ஜார்ஜியா முந்தின நாள்வரை உங்கள் பட்டியலில் முதலிடம். அலபாமாவிடம் மூன்றே புள்ளியில் தோற்று ஆறாமிடத்துக்கு விழுந்தது. 'யார் பலசாலி' என்பதுதான் கேள்வி என்றால் ஜார்ஜியாவையல்லவா அழைத்திருக்க வேண்டும்? ஆக, தோற்றவனுக்கு ஸ்கோர், ஜெயித்தவனுக்கு ஜோசியம்.

உங்கள் விதிப்புத்தகத்தில் முக்கிய வீரர் இல்லாததைக் கருதலாம் என்று எழுதியிருப்பது எனக்கும் தெரியும். அதே சலுகையோடு 2014-ல் ஒஹாயோ ஸ்டேட்டையும் பார்த்திருப்பீர்கள். முதல் குவார்ட்டர்பேக் ஆகஸ்டிலேயே காயத்தால் விலகினார், இரண்டாமவரின் கணுக்கால் வழக்கமான சீசனின் கடைசி ஆட்டத்தில் முறிந்தது. மூன்றாமவர் கார்டேல் ஜோன்ஸ். உள்ளே விட்டீர்கள்; அவர் அலபாமாவையும் ஓரிகனையும் சாய்த்துப் பட்டத்தையே தூக்கிக்கொண்டு போனார். லீக் இறுதியாட்டத்தில் விஸ்கான்சினை 59-0 என்று அடித்துவிட்டு வந்தவரும் 16-6 என்று தட்டுத் தடுமாறி வந்தவரும் ஒன்றா என்பீர்கள். ஒன்றில்லைதான். ஆனால் அந்த ஒஹாயோ ஸ்டேட் செப்டம்பரில் ஒரு ஆட்டம் தோற்றிருந்தது.

பிறகு நடந்த ஆரஞ்சு பௌல் ஆட்டத்தை மட்டும் காட்டி என் வாயை அடைக்காதீர்கள். டிசம்பர் 30 அன்று ஜார்ஜியா 63, ஃபுளோரிடா ஸ்டேட் 3. பார்க்கவே கூசிய ஆட்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபுளோரிடா ஸ்டேட்டின் இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் அன்று களமிறங்கவே இல்லை. பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டு, பார், இவனுக்குப் பசியே இல்லை என்பது நியாயமா? நீங்கள் உட்காரவைத்த அலபாமாவும் மிச்சிகனிடம் தோற்று முதல் சுற்றோடு வீடு திரும்பியது.

2024 முதல் பந்தியில் பன்னிரண்டு இலை போடுகிறீர்கள். சந்தோஷம். இனி பதின்மூன்றாமவர் வாசலில் நின்று அழுவார், அவ்வளவுதான்.

எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். தன் கால் சீசனின் ஆரம்பத்திலேயே முறிந்திருக்கக் கூடாதா, அணியின் பலம் தன்னோடு முடிவதில்லை என்று உங்களுக்குக் காட்ட அவகாசம் கிடைத்திருக்குமே என்று அன்றைக்கு டிராவிஸ் வருந்தினார். ஆகவே அடுத்த ஆகஸ்டில் விதிமுறைகளை அனுப்பும்போது, எந்த வாரத்துக்குள் முறிந்த கால்கள் ஏற்றுக்கொள்ளப்படும் என்று ஒரு கடைசித் தேதியையும் அச்சிட்டு அனுப்பிவிடுங்கள். பிள்ளைகள் அதற்கேற்றபடி விழுந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஸ்கோர்போர்டை இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு ரசிகன்