கண்ணாடி மாற்றாத கனவான்

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களைப் பணக்காரர் என்றும் கடன்காரர் என்றும் இரண்டாகப் பிரிப்பது பழைய சம்பிரதாயம். இந்தக் காலத்தில் அவ்விருவரும் பெரும்பாலும் ஒரே ஆசாமியாக இருந்துவிடுவதால் அந்தப் பாகுபாடு செல்லாக்காசாகிவிட்டது. வேறு ஒன்று சொல்கிறேன். வண்டியின் முன்கண்ணாடி கீறல் விழுந்து மங்கிப் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள், "கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டப்பா" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடையில் காப்பி குடிக்கப் போகிறவர் ஒரு ரகம், "இதற்கு என்ன கேடு வந்துவிட்டது? ஒரு பாலிஷ் போட்டால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்" என்று, அது கண்ணாடிதான் என்பதையும் மறந்து, சட்டைக் கையை மடித்து விட்டுக்கொள்கிறவர் மற்றொரு ரகம். முதல் ரகத்தாரைப் பற்றி எழுதச் சரக்குப் போதாது. இரண்டாவது ரகத்தார்தாம் என் உள்ளத்தைக் கொள்ளை கொண்டவர்கள்.

நம் கனவானை நீங்கள் நங்கநல்லூரிலோ அம்பத்தூரிலோ மேற்கு மாம்பலத்திலோ, வேப்பமரம் உள்ள ஏதேனும் ஒரு குறுக்குத் தெருவில், காலை ஏழு மணிக்குப் பனியனும் வேட்டியுமாக, கையில் ஈரத்துணியோடு, வெள்ளை மாருதி 800 ஒன்றை வலம் வந்துகொண்டிருக்கும் கோலத்தில் தரிசிக்கலாம். பொதுப்பணித் துறையிலோ தபால் இலாகாவிலோ முப்பது முப்பத்தைந்து வருஷம் கோப்புகளைப் பாதுகாத்துப் பாதுகாத்துப் பழகிய கை அது. ஓய்வு பெற்ற பிறகு பாதுகாப்பதற்குக் கோப்புக் கிடைக்காத காரணத்தால், வீட்டில் உள்ள சகல வஸ்துக்களையும் கோப்புகளாகப் பாவித்து வருகிறது. அவர் வீட்டுக் குடைக்கு மூன்று தடவை கம்பி மாறியிருக்கிறது, இரண்டு தடவை துணி மாறியிருக்கிறது. 'கல்யாணத்துக்கு வாங்கிய குடை' என்னும் பட்டம் மட்டும் மாறவில்லை. அந்த மாருதியை 1983இல் உலகுக்கு அளித்த கம்பெனியாரே 2014இல் அதன் உற்பத்தியை நிறுத்திக் கையைக் கழுவிவிட்டார்கள். நம்மவர் இன்னும் வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

இவரைக் கருமி என்று நினைத்துவிடக் கூடாது. கருமி செலவழிக்க மாட்டான். இவரோ, புதுக் கண்ணாடிக்கு ஆகும் தொகைக்குச் சற்றுக் கூடுதலாகவே, சில்லறை சில்லறையாக, பழைய கண்ணாடிக்கு அபிஷேகம் செய்து முடித்திருப்பார். பணம் போவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. பொருள் போவதில்தான் ஆட்சேபம்.

கண்ணாடியின் நிலைமையைக் கொஞ்சம் வர்ணிக்க வேண்டும். ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேர் எதிரே, வைப்பர் போய்வந்த பாதையில், பிறை பிறையாகக் கீறல்கள். அவற்றுக்கு இடையே நெடுஞ்சாலை மணலும் பொடிக்கல்லும் பல வருஷங்களாகக் கொத்திக் கொத்தி வைத்த ஊசிமுனைப் புள்ளிகள், எண்ணி முடியாதவை. மணலில் உள்ள படிகக்கல் கடினத்தில் ஏழாம் படியில் நிற்கிறது, கண்ணாடி ஐந்தரையிலேயே நின்றுவிடுகிறது என்று மோஸ் என்னும் ஜெர்மானியர் வகுத்த அளவை கூறுகிறது. ஆகையால், தூசி படிந்த கண்ணாடியில் தண்ணீர் விடாமல் வைப்பரை ஓட்டினால் யார் யாரை அறுப்பார்கள் என்று சொல்ல ஜோசியர் வேண்டியதில்லை. வைப்பர் ரப்பரோ சென்னை வெயிலில் காய்ந்து, விறைத்து, ஓரம் பிய்ந்து, ஒரு முனையில் உள்ளே இருக்கும் தகரமே எட்டிப் பார்க்கும் நிலையை அடைந்திருக்கிறது. சில நூறு ரூபாயில் முடிந்துபோகும் அந்த ரப்பரைக் காலத்தில் மாற்றியிருந்தால் இந்தச் சரித்திரமே நிகழ்ந்திராது. ஆனால் ரப்பரை மாற்றுவதும் மாற்றுவதுதானே?

காலையிலும் நடுப்பகலிலும் இந்தக் கீறல்கள் பரம சாதுக்கள். மாலை ஐந்து மணிக்குக் கத்திப்பாராவைத் தாண்டிப் பூந்தமல்லிப் பக்கம் வண்டி திரும்பி, சூரிய பகவான் நேரே கண்ணாடியில் வந்து விழுந்தாரானால், ஒவ்வொரு கீறலும் ஒவ்வொரு புள்ளியும் தன் பங்குக்கு வெளிச்சத்தைச் சிதற அடித்து, எதிரே ஒரு வெள்ளைத் திரையைக் கட்டிவிடும். அப்போது நம்மவர் தலையை இடது தோளில் சாய்த்து, மோவாயைத் தூக்கி, கீறல்களுக்கு நடுவே உள்ளங்கை அகலம் தெளிந்திருக்கும் ஓர் இடத்தின் வழியாகப் பிரபஞ்சத்தை நோக்குவார். பக்கத்து ஸீட்டில் இருக்கும் அம்மையாருக்கு உத்தியோகம் ஆரம்பமாகிவிடும்.

"ஏங்க, சைக்கிள்காரர் வராரு."

"தெரியுது, தெரியுது."

"ஏங்க, அது சைக்கிள் இல்லை, மாடு!"

"அதுவும் தெரியுதுன்னுதானே சொல்றேன்!"

பரிகாரங்களின் வரலாறு நீண்டது. முதலில் பற்பசை. பல்லைத் துலக்குகிற வஸ்து கண்ணாடியைத் துலக்காதா என்பது அவருடைய தர்க்கம். பல்லுக்குப் பழுது வராதபடி நயமாக அரைத்த பொடிக்குக் கண்ணாடியைக் கரைக்கும் பராக்கிரமம் ஏது? பசை கீறலுக்குள் புகுந்து காய்ந்து உட்கார்ந்து, அதுவரை கண்ணுக்குப் படாமல் ஒதுங்கியிருந்த கீறல்களையும் வெள்ளையடித்துக் காட்டிற்று. ஒரு வாரம் வண்டிக்குள் கிராம்பு மணம் கமழ்ந்தது. அப்புறம் விபூதி. பித்தளைச் செம்பைப் பளிச்சிட வைக்கும் விபூதியும் இங்கே தோற்றது. மழைக்காலத்தில் வைப்பர் மக்கர் செய்தால் லாரி ஓட்டுகிறவர்கள் புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்த்துவிடுவார்கள்; தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாக வழிந்துபோகும், பாதை தெரியும். அது அனுபவ சித்தமான வித்தை. ஆனால் மழைத் தண்ணீருக்குச் செய்யும் வைத்தியத்தைக் கீறலுக்குச் செய்து பார்த்த பெருமை நம்மவரையே சேரும். ஜன்மத்தில் வெற்றிலை பாக்குக்கூடப் போட்டறியாத அவர் தம் கடையில் புகையிலை வாங்கியதைக் கண்ட பெட்டிக்கடைக்காரர், அன்று முதல் அவரிடம் ஒரு தனி வாஞ்சை காட்டி வருகிறார்.

இவ்வாறு குடிசைத் தொழிலாக நடந்துகொண்டிருந்த காரியம், சீரியம் ஆக்ஸைடு என்னும் பொடியைப் பற்றி அவர் கேள்விப்பட்ட தினத்தில் சாஸ்திரமாக உயர்ந்தது. மூக்குக்கண்ணாடிக்கும் தூரதர்சினிக்கும் வில்லை செய்கிறவர்கள் கடைசி மெருகுக்குப் பயன்படுத்தும் பொடி இது; கண்ணாடியை வெறுமனே சுரண்டுவதோடு நில்லாமல், தண்ணீரின் துணையோடு அதன் மேற்பரப்பில் ரசாயன மாறுதலும் விளைவித்து, மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு போவது இதன் விசேஷம். பொடியை வாங்குவதற்கு முன்பே நம்மவர் அதன் பூர்வோத்தரங்களைக் கரைத்துக் குடித்துவிட்டார். யாராவது ஒரு விருந்தாளி அகப்பட்டால் போதும்; 1801இல் பலெர்மோ நகரத்தில் பியாஸி என்ற வான சாஸ்திரி சீரிஸ் என்னும் சிறுகோளைக் கண்டதில் தொடங்கி, 1803இல் ஸ்வீடனில் பெர்ஸீலியஸும் ஹிஸிங்கரும் ஒரு பக்கமும் ஜெர்மனியில் கிளாப்ராத் மற்றொரு பக்கமுமாக இந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்தது, கோளின் பெயரையே அதற்குச் சூட்டியது வரையில் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல்லே மோனஸைட்டு இருக்கு. அதிலே இதுதானே நிறைய இருக்கு? அந்தக் காலத்துக் கல்யாண ஊர்வலத்திலே பெட்ரோமாக்ஸ் பார்த்திருப்பீங்களே, அந்த மாண்டில்லேகூட நூத்துக்கு ஒரு பங்கு இது உண்டு" என்று முடிப்பார். கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தாம் வந்தது பெண்ணின் ஜாதகம் வாங்கிப் போக என்பதே மறந்து போயிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாகம் தொடங்கியது. பழைய பேப்பர்களைப் பானெட்டின் மேல் விரித்து ஒட்டினார். பொடி பூசிய பிறகு கீறல் இருக்கும் இடம் தெரியாது ஆகையால், பேரனுடைய ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக் கண்ணாடியின் உட்புறத்தில் ஒவ்வொரு கீறலையும் சுற்றி வட்டம் போட்டார். இளஞ்சிவப்பான அந்தப் பொடியைத் தண்ணீர் விட்டுத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து, எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியனிடம் இரவல் வாங்கிய டிரில் மெஷினில் கம்பளி வட்டு ஒன்றை மாட்டி, கரைசலில் தோய்த்து, கண்ணாடியில் வைத்து ஓட்டினார். வட்டு ஓரிடத்தில் நின்றால் கண்ணாடி சூடேறும். சூடேறினால் விரிசல் ஓடிவிடும். ஆகவே தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, வட்டை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இந்த உஷ்ண பரிசோதனையின் நிமித்தம் அம்மையார் முன் ஸீட்டில் உட்கார்த்தி வைக்கப்பட்டு, உள்ளங்கையைக் கண்ணாடியின் உட்புறத்தில் பதித்து, ஆசீர்வாதம் செய்கிற பாவனையில் இரண்டு மணி நேரம் எழுந்தருளியிருந்தார்.

"சுடுதா?" என்று வெளியிலிருந்து ஒரு குரல்.

"இங்கே சுடலை. அடுப்பிலே குழம்புதான் சுண்டுது!" என்று உள்ளிருந்து ஒரு குரல்.

மெல்லிய கீறல்கள் மெய்யாகவே மறைந்தன. அதைச் சொல்லாமல் விட்டால் பாபம். மயிரிழைக் கீறலுக்கு இந்தப் பொடி கைகண்ட மருந்து. வைப்பர் தகரம் உழுத பெரிய கீறலின் கதை வேறு. அதைப் போக்குவதென்றால், அதன் ஆழம் எவ்வளவோ அவ்வளவுக்குச் சுற்றுவட்டாரக் கண்ணாடியை எல்லாம் இறக்கியாக வேண்டும். நம்மவர் இறக்கினார். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் இறக்கினார். கீறல் பாதி போயிற்று. அது இருந்த இடத்தில் ஒரு பள்ளம் வந்தது. பள்ளம் விழுந்த கண்ணாடி வில்லையாகிவிட்டது. அதன் வழியே பார்த்தால் தெருக்கோடி மின்கம்பம் இடுப்பை ஒடித்து நமஸ்காரம் செய்தது. தலையைச் சற்று அசைத்தால் நிமிர்ந்தது. மறுபடி அசைத்தால் மறுபடி நமஸ்கரித்தது.

"கம்பமே கோணல்தான். மின்வாரியத்துக்கு ஒரு மனுப் போடணும்" என்றார். போட்டும் விட்டார்.

எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவைப்போம் என்று புதுப்பேட்டையில் கண்ணாடி மாட்டும் பட்டறைக்காரர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு போனார். அந்த மனிதர் பூதக்கண்ணாடி எதையும் தேடவில்லை. கட்டைவிரல் நகத்தைக் கீறலின் குறுக்கே ஒரு தடவை ஓட்டினார்.

"பாருங்க சார், நகம் மாட்டுது. மாட்டிச்சுன்னா பாலிஷுக்கு அடங்காது. இந்தப் புள்ளியெல்லாம் கல்லடி, இதை எந்த மெஷினும் எடுக்காது. புதுசு போட்டுக்கங்க சார்."

"இது கம்பெனி கண்ணாடிப்பா. வண்டியோட வந்தது."

"நான் போடறதும் கம்பெனி கண்ணாடிதான் சார். மூலையிலே முத்திரை இருக்கு பாருங்க."

"அது வேற, இது வேற."

எப்படி வேறு என்று கேட்கக் கூடாது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் சவ்வை வைத்து ஒட்டியதுதான் அதுவும், இதுவும். உடைந்தாலும் சில்லுகள் சவ்வோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், முகத்தில் பாயாது. 1903இல் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு ரசாயனியிடம் கை தவறி விழுந்த குடுவை ஒன்று, உள்ளே காய்ந்து படிந்திருந்த பசையின் புண்ணியத்தால் உடைந்தும் சிதறாமல் இருந்ததைப் பார்த்து அவருக்குத் தோன்றிய யோசனை அது. இந்தக் கதையையும் நம்மவர் பட்டறைக்காரருக்கு விஸ்தாரமாகச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் குடுவைக்கு அவரு பாலிஷ் போட்டாரா சார்?" என்றாராம்.

என்னைக் கேட்டால், நகம் மாட்டாத கீறலுக்குப் பாலிஷ், மாட்டினால் புதுசு. அதுவும் ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேரே இருந்துவிட்டால் யோசனைக்கே இடமில்லை. ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

இன்ஷூரன்ஸ் விஷயம் ஒரு தனிப் புராணம். கண்ணாடி உடைந்தால் கம்பெனி கொடுக்கும், தேய்ந்தால் கொடுக்காது. மற்றப் பாகங்களுக்கெல்லாம் வயதைப் பார்த்து விலையைக் கழிக்கிறவர்கள் கண்ணாடிக்கு மட்டும் கழிப்பதில்லை. அதைச் சுற்றி வரும் ரப்பருக்குத்தான் பாதி. இந்த ஷரத்தைப் படித்த நாள் முதலாக நம்மவருடைய நடத்தையில் ஒரு மாறுதல் காணப்பட்டது. ஜல்லி லாரியைக் கண்டாலே ஓரம் கட்டி ஒதுங்கி ஓட்டிய மனிதர், இப்போது பைபாஸில் தார்ப்பாய் மூடாத ஜல்லி லாரி எதிர்ப்பட்டால், மரியாதையான ஒரு தூரத்தில் அதைப் பின்தொடர்ந்து, தெய்வ சங்கல்பத்துக்கு இடம் கொடுத்துப் பார்ப்பார். கல் ஒன்றும் விழவில்லை. விழுந்திருந்தாலும் அவர் கிளெய்ம் கேட்டிருக்கப் போவதில்லை. வருஷா வருஷம் ஒன்றும் கேட்காமல் இருந்து, இருபது சதவிகிதத்தில் தொடங்கி ஐம்பதுக்குக் கொண்டுவந்து நிறுத்திய போனஸ் ஒரே நாளில் பூஜ்யமாகிவிடுமே! போனஸும் இப்போது பழைய பொருள் ஆகிவிட்டதல்லவா?

அவருடைய சம்பந்தி முதல் ரகத்தைச் சேர்ந்தவர். கண்ணாடி, செல்போன், டாக்டர், அபிப்பிராயம் ஆகிய எதையும் மூன்று வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதவர். பழகுவதற்கு வெகு சௌகரியமான மனிதர். அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

முடிவில், தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன், ஓர் இரவு அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போனவன், எதிரே வந்த ஒவ்வொரு விளக்கும் கண்ணாடி முழுவதும் பரவிக் கண்ணைப் பறித்ததில் வெலவெலத்து வீடு திரும்பி, யாரோடும் தர்க்கம் செய்யாமல், மறுநாள் காலையில் அதே பட்டறைக்காரரை வீட்டுக்கே வரவழைத்துவிட்டான். நம்மவர் தடுக்கவில்லை, மேற்பார்வை பார்த்தார். இந்தக் காலத்து வண்டிகளில் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டி, அது இறுகும் வரையில் வண்டியை எடுக்கக் கூடாது என்பார்கள். பழைய வண்டிக்கு ரப்பர் பீடிங் என்பதால் வேலை சுலபம். பீடிங்கின் காடியில் நைலான் கயிற்றைச் சுற்றிச் செருகி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒரு பையன் கண்ணாடியை உள்ளங்கையால் தட்டித் தட்டி அழுத்த, உள்ளிருந்து பட்டறைக்காரர் கயிற்றை உருவ உருவ, ரப்பரின் உதடு தகட்டைக் கவ்விக்கொண்டே சுற்றி வந்தது. அரை மணியில் முடிந்தது. அந்த அரை மணிதான் நம்மவர் மனத்தைப் புண்படுத்திவிட்டது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிய ஒரு சமஸ்யை அரை மணியில் தீர்ந்துபோவது என்றால், அது சமஸ்யைக்கே அவமானம் இல்லையா?

"முன்னெல்லாம் இந்த ரோட்டுலே இவ்வளவு குப்பை கிடையாது. இத்தனை ஜனங்களும் எங்கேயிருந்து வந்தாங்க? குறுக்கே குறுக்கே வராங்களே!" என்று இப்போது பூந்தமல்லிச் சாலை நெடுக அங்கலாய்த்துக்கொண்டே ஓட்டுகிறார். உத்தியோகம் பறிபோன அம்மையார் பக்க ஜன்னல் வழியாகப் புடைவைக் கடைகளை வேடிக்கை பார்த்து வருகிறார். கழற்றிய கண்ணாடி மொட்டைமாடியில் வடாத்துக்குக் காக்கை வராமல் காவல் இருக்கிறது. ஆனால் சீரியம் பொடி டப்பாவில் இன்னும் அரைக்கிலோ பாக்கி. காசு கொடுத்து வாங்கிய பொருளை வீணாக விடுவது அவர் வம்சத்திலேயே கிடையாது. நிலைக்கண்ணாடிக்கு மெருகு போட்டாயிற்று; ஸ்வாமி படங்களுக்கு மெருகு போட்டாயிற்று. அம்மையார் இப்போதெல்லாம் தம் மூக்குக்கண்ணாடியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் குளிக்கப் போகிறார்.