இரவல் கார் இயல்: ஜெர்மனியில் ரிவர்ஸ் கியர் தேடல் குறித்த ஒரு முன்னோடி ஆய்வு

முகவுரை

சொந்தக் காரைப் பற்றி எழுதப்படாதது எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கார் சர்வீஸுக்குப் போன நாளில், கராஜ்காரர் கையெழுத்தொன்றை வாங்கிக்கொண்டு நம் கையில் திணிக்கிற அந்நியக் காரைப் பற்றி அறிவுலகம் வாய் திறப்பதில்லை. ஜெர்மனியில் அதற்கு எர்சட்ஸ்வாகன் என்று பெயர். கதவில் கராஜின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ஆகவே நம் கார் படுத்துவிட்ட செய்தி, நாம் இறங்குமுன் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

இத்துறையில் இதுவே முதல் ஆய்வு. வேறு ஆய்வுகள் உண்டா என்று நான் தேடவில்லை. தேடாமல் இருந்தால்தான் முதல் ஆய்வு என்று எழுத முடியும் என்பதைக் கருத்தரங்க மேடைகளில் மூத்தோரிடம் கற்றேன்.

வரலாறு

கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டது 1886 ஜனவரி 29 அன்று. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். எரிபொருள் வாங்கியது வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில். குழாய் அடைப்பை நீக்கியது தொப்பி ஊசியால். மேடு வந்தபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். ஆக, உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணமே அடுத்தவர் காரில்தான் நடந்தது என்பர் ஒரு சாரார். மறு சாரார் இதை ஏற்பதில்லை: அந்தத் தொழிலில் விழுந்தது பெர்த்தாவின் சீதனப் பணம், ஆகவே அது அவருடைய சொந்தக் காரே (மனைவி, ‘முன் இருக்கை உரைகள்’, சீதன இயல்). இவ்விவாதத்தில் நான் நடுநிலை வகிக்கிறேன். இரவில் வீடு திரும்ப வேண்டியிருக்கிறது.

இதைவிடத் தொன்மையான சான்று நம்மிடம் உண்டு. பறம்பு மலைப் பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தேரைக் காட்டில் விட்டவன் அரண்மனைக்கு எதில் திரும்பினான்? நண்பர் கபிலர் கூட இருந்தும் இதைக் கேட்கவில்லை. நடந்து போயிருப்பான் என்பது அறியாதார் கூற்று. மாற்றுத் தேர் வந்திருக்க வேண்டும். வந்ததற்கு ஆதாரம் இல்லையே எனில், ஆதாரம் அழியும் அளவுக்கு அது பழமையானது என்று கொள்க. இந்த முறையில் நிறுவப்பட்ட முனைவர் பட்டங்கள் பல.

வகைப்பாடு

பெட்ரோல், டீசல், மின்சாரம். மின்சாரக் கார் கிளம்பிவிட்டதா என்பது அது எதிலாவது முட்டும்வரை தெரியாது. வகைப்பாடு முற்றிற்று.

ரிவர்ஸ் கியர் சிக்கல்

இனி ஆய்வின் உயிர்நிலை. இரவல் காரைக் கராஜ்காரர் எப்போதும் சுவரைப் பார்த்தபடியே நிறுத்தித் தருவார். எனவே அதை ஓட்டத் தொடங்கும் முதல் அசைவு பின்னோக்கியதாகவே இருந்தாக வேண்டும். சாவியைத் தந்தவர் வாசலில் நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்.

கியர்க் கம்பியைப் பொறுத்தமட்டில் மூன்று சம்பிரதாயங்கள் உள்ளன. அழுத்தல் கொள்கையர்: கம்பியைக் கீழே அமுக்கி, இடப்பக்கம் தள்ளி, முன்னே போடு என்பர், ஃபோக்ஸ்வாகன் மரபு இது. தூக்கல் கொள்கையர்: குமிழுக்கு அடியிலுள்ள வளையத்தை விரலால் மேலே தூக்கு என்பர், ஓப்பல்காரர்கள். இடித்தல் கொள்கையர்: அமுக்கவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம், எதிர்ப்பையும் மீறி இடப்பக்கம் முட்டித் தள்ளு என்பர், பி.எம்.டபிள்யூ. ஒரு மரபில் பயின்றவர் இன்னொரு மரபின் காரில் அமர்ந்தால் ரிவர்ஸ் என்று நினைத்து முதல் கியரைப் போட்டுச் சுவரை நோக்கி நகர்வார். “தூக்கு, தூக்கு” என்று ஸ்பீக்கரில் கத்துவதால் பயனில்லை (மச்சான், ‘தொலைபேசி நிருபங்கள்’, குரல் உயர்ந்த பகுதி). தூக்க வேண்டியது எதை என்பதை உரையாசிரியர் சொல்லவில்லை.

ஆட்டோமேட்டிக் என்றால் தப்பித்தோம் என்று எண்ணுவது பேதைமை. இன்றைய மெர்சிடிஸில் கியர் இருப்பது ஸ்டீயரிங்கின் வலப்பக்கத் தண்டில். மற்ற கார்களில் அதே இடத்தில் வைப்பர் இருக்கும். மெர்சிடிஸோ வைப்பரை இண்டிகேட்டருடன் இடப்பக்கத் தண்டில் சேர்த்துவிட்டது. தூறல் விழுந்ததும் பழக்கதோஷத்தில் வலக்கையால் தட்டுபவர் ஆட்டோபானில் நியூட்ரலில் மிதப்பார். கொழும்பில் ஜப்பான் கார் ஓட்டிப் பழகிய கை இன்னும் மோசம். அங்கே இண்டிகேட்டர் வலப்பக்கம். அந்தக் கை இங்கே வளைவுதோறும் வெயிலில் கண்ணாடியைத் துடைக்கும் (மனைவி, ‘முன் இருக்கை உரைகள்’, திருத்திய பதிப்பு, ‘நான் அப்பவே சொன்னேன்’ படலம், மாமியாரின் அணிந்துரையும் பின் இருக்கை மகளின் பிழைதிருத்தப் பட்டியலும் கொண்டது, நாள்தோறும் மறுபதிப்பு).

இதில் சட்டம் என்ன சொல்கிறது? ஜெர்மானிய வாகன அனுமதி விதிகளின் 39-ஆம் பிரிவு, ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே காரைப் பின்னோக்கிச் செலுத்த முடிய வேண்டும் என்கிறது. எப்படி என்று சொல்லவில்லை. பார்க்கிங் நேரம் காட்டும் நீல அட்டை 11 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும் என்று வரையறுத்த தேசம் இது. தமிழுக்கே 1716-இல் ஹாலே நகரில் லத்தீனில் இலக்கணம் அச்சிட்டுத் தந்த தேசம். சீகன்பால்க் ஐயர் தம் இலக்கணத்துக்குத் தந்த சிரத்தையில் பத்தில் ஒரு பங்கை யாராவது கியர்க் கம்பிக்குத் தந்திருக்கலாம்.

ஒலியியல்

இரவல் கார் பெரும்பாலும் புதியது. 2024 ஜூலை 7 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகும் ஒவ்வொரு புதுக் காரிலும் வேக எச்சரிக்கை கட்டாயம். பக்கத்துச் சந்தின் 30 பலகையைப் படித்துவிட்டு, 50-இல் ஒழுங்காகப் போகிறவரைப் பார்த்து அது கீச்சிடும். அணைக்கலாம். அடுத்த முறை கிளப்பும்போது தானே உயிர்த்தெழும். கருத்தரங்கில் கேள்வி நேரத்தில் எழுந்து கேள்வி கேட்காமல் உரையாற்றும் பேராசிரியரை இதனோடு ஒப்பிட்டு ஆராய இடமுண்டு. அவரை அணைக்கும் பொத்தான் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பெட்ரோல் மூடி எந்தப் பக்கம்? டாங்க் குறியீட்டின் அருகே சிறு அம்புக்குறி இருக்கும், பாருங்கள். இது ஆய்வுக்குரியதன்று. பதில் இருக்கும் விஷயத்தை நாங்கள் ஆராய்வதில்லை.

பரிந்துரை

ஜெர்மனிக் கராஜ்காரர்களுக்கு ஆய்வாளர் சமூகத்தின் பணிவான விண்ணப்பம்: இரவல் காரைக் கொடுக்கும்போது, தயவுசெய்து வாசலைப் பார்த்தபடி நிறுத்திக் கொடுங்கள்.