புனேயின் ஞாயிற்றுக்கிழமை வண்டிக் கூட்டம்: ஒரு திணையியல் ஆய்வு

கனடாவின் கியூபெக் மாநிலத்தில், வால்கோர்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியே 1959இல் ஸ்கீ-டூ என்னும் பனிவண்டியை விற்பனைக்கு விட்டார். அந்தப் பக்கத்து ஊர்களில் பனிவண்டிச் சங்கங்கள் செய்பவை மூன்று: தடத்தைச் சீர்செய்வது, கூட்டமாகப் போவது, போன இடத்தில் சாப்பிடுவது. புனேயில் பனி பெய்வதில்லை. ஆயினும் பின்னிரண்டும் அங்கே ஞாயிறுதோறும் பைக்குகளில் குறைவின்றி நடக்கின்றன. ஆகவே பனி இச்சங்கங்களுக்கு இன்றியமையாதது அன்று என்பது நம் முதல் துணிபு. அதன் இடத்தை ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை எடுத்துக்கொள்கிறது. பெரும்பொழுது கார் என்க.

வண்டிக்குப் பஞ்சமில்லாத ஊர். ஆகுர்டியில் இருக்கும் பஜாஜ் நிறுவனம் 1972இல் சேத்தக் ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. குதிரைப் படையால் பேர்பெற்ற மராட்டிய மண்ணின் ஸ்கூட்டருக்கு ராணா பிரதாப்பின் ராஜஸ்தானத்துக் குதிரையின் பெயர் ஏன் என்பது வேறொருவர் ஆய வேண்டியது. 2001இல் பல்சர் வந்தது. அதன்பின் வண்டியோட்டிகளை சி.சி. கணக்கில் பிரிப்பது வழக்கமாகிவிட்டது. இது பிழை. எஞ்சினை அளந்தால் வேகம் தெரியும். கூட்டத்தின் மனம் தெரியாது. அதற்குத் தொல்காப்பியரின் திணைகளிடம்தான் போக வேண்டும்.

முதலில் முல்லை. உரிப்பொருள் இருத்தல். முல்ஷி பக்கம் போகிறவர்கள் புனேயின் சாந்தனி சௌக்கில் கூடி, வராதவருக்காகக் காத்திருப்பார்கள். "கிளம்பிட்டேன்" என்று அவர் படுக்கையிலிருந்தே செய்தி அனுப்புவார். முல்லைக்குக் காடு வேண்டுமே என்பார்க்கு, அங்கே மேம்பாலக் காடு உண்டு. பழைய பாலத்தை 2022 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்தும் காடு அடர்ந்ததேயன்றிக் குறையவில்லை.

அடுத்தது குறிஞ்சி. சிங்கட் கோட்டை, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,300 மீட்டர். கடக்வாஸ்லா அணையைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகையில் பிரிந்தவர் மீண்டும் கூடும் இடம், உரிப்பொருள் புணர்தல். குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம். 1670இல் மராட்டியப் படைத்தலைவர் தானாஜி மாலுசரே இருட்டில்தான் இந்தப் பாறையில் ஏறினார். யஷ்வந்தி என்ற உடும்பின் மேல் கயிறு கட்டி ஏறியதாகக் கதை. தானாஜி இலக்கணம் தவறவில்லை. நம்மவர் விடியற்காலையில் ஏறுவது வழு. ஆனால் யாமத்தில் அங்கே காந்தா பஜி போட ஆளில்லை என்பதால் வழுவமைதியாகக் கொள்க. கருப்பொருளில் உணா, அந்த வெங்காய பஜியும், பிட்லா-பாக்ரியும், மண்சட்டித் தயிரும். பறை, சைலன்ஸர். 2020இல் சேத்தக் மின்சார வண்டியாகத் திரும்பி வந்ததிலிருந்து பறையில்லாமலும் திணை அமையுமா என்ற ஐயம் எழுந்துள்ளது. உரையாசிரியர் எவரும் இதைத் தொடவில்லை.

மருதம், முல்ஷியின் நெல்வயல். 1921இல் டாடா அணைக்கு எதிராக உழவர்கள் சத்தியாக்கிரகம் செய்த நிலம் இது. இன்று அங்கே நிகழும் ஊடல் டீக்கடைக் கணக்கை யார் கொடுப்பது என்பதைப் பற்றியது.

நெய்தலுக்குத் தாம்ஹிணி காட் மலைப்பாதையில் இறங்கி, கொங்கணக் கரையில் திவேஆகர் வரை போக வேண்டும். கடலைக் கண்டதும் மறுநாள் திங்கட்கிழமை என்பது நினைவுக்கு வரும். இரங்கல்.

பாலைக்குத் தனி நிலம் கிடையாது. லோணாவளா சாலை அப்படிப்பட்டது. 2002இல் திறந்த மும்பை-புனே விரைவுச்சாலையில் இருசக்கர வண்டிக்கு இடமில்லை. பழைய சாலையில், நண்பகல் வெயிலில், லாரிகளுக்கு நடுவே, ஹேண்டில்பாரில் 'சிக்கி' மிட்டாய்ப் பையை மாட்டிக்கொண்டு திரும்புகையில் கூட்டம் துண்டுதுண்டாகும். பிரிதல்.

மாந்தரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்னே போகும் 'லீட்' தலைவன் என்பதில் கருத்து வேறுபாடில்லை. கடைசியில் வரும் 'ஸ்வீப்'தான் தோழி. பஞ்சர் ஒட்டுவது இவர் வேலையில் சிறுபகுதியே. முந்தின இரவு ஹிஞ்சேவாடி ஃபிளாட் ஒன்றுக்குப் போன் செய்து, "அண்ணி, பத்து மணிக்குள்ள நானே கொண்டாந்து விட்டுடறேன்" என்று சொல்பவர் இவர். இதை அறத்தொடு நிற்றல் என்பதன்றி வேறெப்படி விளக்குவது?

ஹெல்மெட் அகத்தில் அடங்காது. காய்கறி வாங்கப் போகையில் அதை மறுப்பது புனேவாசியின் பிறப்புரிமை. 2019 ஜனவரியில் போலீஸ் கெடுபிடி செய்தபோது ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆள் ஞாயிறன்று தலைமுதல் முழங்கால்வரை கவசம் பூட்டி வருகிறார். முன்னது போலீஸோடு போர், புறத்திணை. பின்னது அலங்காரம்.

எஞ்சிய திணைகள் இரண்டு. சாக்கனில் செய்த கேடிஎம் வண்டிகளுக்கிடையே பழைய லூனா மொபெட்டை மிதித்துக்கொண்டு காட் ஏறுவது பெருந்திணை. பொருந்தாக் காமம், ஆனால் பார்க்க அழகு. கைக்கிளை ஒருதலை. வண்டி, ஜாக்கெட், கையுறை எல்லாம் வாங்கிவிட்டு, ஒவ்வொரு வாரமும் "அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதுபவர் இத்திணைக்குரியவர். பெரும்பாலும் அவரே குழுவின் அட்மின்.